ஸ்கூபா கருவிகள்: வாங்கும் வரிசையும் பழகும் வரிசையும்

ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு பி.சி.டி. வாங்கிவிட்டேன். முக்குளிப்பவர் சட்டையைப் போல் அணிந்துகொண்டு, அதற்குள் காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் நீரில் தமது மிதப்பைச் சரிசெய்துகொள்ளும் கருவி அது. வாங்கும்போது தடித்த மேலாடையின் மேல் மாட்டிப் பார்த்ததால் கச்சிதமாக இருப்பதாகவே தோன்றியது. நீச்சல் குளத்தில் மெல்லிய உடையோடு இறங்கிக் காற்றை நிரப்பியதும் அது உடலை விட்டு மேலெழும்பிக் காதுவரை வந்து நின்றது. முதுகிலிருந்த சிலிண்டர், நான் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் தாமதமாகத் திரும்பி என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. அதே வேளையில், பயிற்சி நிலையத்தில் இரவல் வாங்கியிருந்த, கண்களையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் ஓரம் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய கருவிக்கு அப்போது அவசரம் இருக்கவில்லை. அவசரமாகத் தேவைப்பட்ட சிறிய கருவியை நான் வாங்கியிருக்கவில்லை.

அதன் பிறகு, புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் எதை வாங்குவது என்று கேட்கும்போதெல்லாம் இரண்டு வரிசைகளைப் பிரித்துச் சொல்லி வருகிறேன். வாங்கும் வரிசையில் உடலின் வடிவத்தைச் சார்ந்தவை முன்னால் நிற்கின்றன: மாஸ்க், கால்துடுப்பு, உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட். சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், பி.சி.டி., ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆகியவற்றை வாடகைக்கு எடுத்தே நெடுங்காலம் ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ஏனெனில் எது நமக்கு ஏற்றது என்பது நீரில் பல மணி நேரம் இருந்த பிறகுதான் தெரியவரும். பழகும் வரிசையோ ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. அங்கே ரெகுலேட்டரில் மூச்சுவிடுவது முதற்பாடம், மிதப்பைக் கட்டுப்படுத்துவது அடுத்த பாடம், மற்ற யாவும் அவ்விரண்டின் மேல் ஏறி நிற்பவை. இவ்விரு வரிசைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

கருவிகளுக்குள் நுழையுமுன், நீர் நம் உடலை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்தில் நம்மை அழுத்துவது ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வளியழுத்தம். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அதனோடு இன்னொரு பார் கூடுகிறது. 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதியின்படி, மேற்பரப்பில் 1 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டர் ஆழத்தில் அரை லிட்டராகச் சுருங்கி, மேலே வரும்போது மீண்டும் விரிகிறது. நுரையீரல், நடுச்செவி, மாஸ்க்கின் உள்ளிடம், வெட்சூட்டின் நுண்குமிழிகள், பி.சி.டி.யின் பை ஆகிய அனைத்தும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே. நீருக்கடியில் ஒருபோதும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவதன் காரணமும் இதுதான்: மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் உள்ளே விரியும் காற்று நுரையீரல் திசுவைக் கிழித்துவிடக்கூடும். இந்த விரிவு ஆழத்தில் மெதுவாகவும் மேற்பரப்பை நெருங்க நெருங்க வேகமாகவும் நிகழ்கிறது. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வந்தால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருகும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்காகிவிடும். ஆழம் குறைந்த நீரில் ஆபத்தில்லை என்னும் எண்ணம் அதனால்தான் தவறானது.

இனி மாஸ்க். நீச்சல் வீரர்கள் அணியும் கண்ணாடி முக்குளிப்புக்கு உதவாது. ஆழத்தில் அதற்குள் உள்ள காற்று சுருங்கும்போது அது கண்களை உறிஞ்சத் தொடங்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. முக்குளிப்பு மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால், இறங்கும்போது மூக்கின் வழியே சிறிது காற்றை உள்ளே ஊதி அழுத்தத்தைச் சமன்படுத்த முடிகிறது. காதுகளைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்து ஊத வேண்டியிருப்பதால், மாஸ்க்கின் மூக்குப் பகுதி விரல்களுக்கு எளிதில் அகப்படுவதாகவும் இருக்க வேண்டும். கையுறை அணிந்து முக்குளிக்கப் போகிறவர்கள் கையுறையோடே பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். பட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு, நெற்றி முடியை ஒதுக்கி, மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல் வைத்து, மூக்கால் சிறிதளவு மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிட வேண்டும். மூச்சை நிறுத்தியிருக்கும்வரை மாஸ்க் தானாகவே முகத்தில் ஒட்டி நின்றால் அது முதல் தேர்வில் தேறியது. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நீருக்கடியில் நம் வாயில் ரெகுலேட்டரின் கடிவாய் இருக்கும். அதைக் கடித்தவுடன் மேலுதடும் கன்னங்களும் வடிவம் மாறுகின்றன. ஆகவே ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழல் ஒன்றையோ கடிவாய் ஒன்றையோ வாயில் வைத்துக்கொண்டு அதே சோதனையை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். முகத்தை மேல்நோக்கித் திருப்பி, மாஸ்க்கை வெறுமனே முகத்தின் மேல் கிடக்கவிட்டு, சிலிக்கோன் விளிம்பு எங்காவது தோலைத் தொடாமல் நிற்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்வதும் பயன் தரும். மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டின் மேல் சிறிது கசிவு இருந்தே தீரும். மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாக மழித்துக்கொள்வதும் அவ்விடத்தில் சிறிது களிம்பு தடவிக்கொள்வதும் வழக்கத்தில் உள்ள தீர்வுகள். பார்வைக் குறை உள்ளவர்கள் தங்கள் அளவுக்கேற்ற வில்லைகளைப் பொருத்தக்கூடிய மாஸ்க்கை வாங்கலாம். எதுவானாலும் கண்ணாடி கடினப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

புதிய மாஸ்க்கின் கண்ணாடியில், தயாரிப்பின்போது படிந்த மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதை நீக்காமல் நீரில் இறங்கினால் சில நிமிடங்களில் பனிமூட்டம்போல் மறைத்துவிடும். வெள்ளைப் பற்பசையை உள்பக்கக் கண்ணாடியில் தடவி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதை நான்கைந்து முறை செய்தால் அது போய்விடும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை இறங்குமுன்னும் எச்சிலையோ அதற்கென விற்கும் திரவத்தையோ தடவி லேசாக அலச வேண்டும்.

என் இரவல் மாஸ்க் கசிந்த கதையில் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. கசிந்தபோது நான் பட்டையை இறுக்கினேன், மேலும் கசிந்தது, மேலும் இறுக்கினேன். பயிற்சியாளர் அருகில் வந்து, எதுவும் பேசாமல் பட்டையை இரண்டு பல் தளர்த்தி, விளிம்புக்கு அடியில் சிக்கியிருந்த சில முடிகளை விரலால் வெளியே இழுத்துவிட்டார். கசிவு பாதியாகக் குறைந்தது. மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிப்பது நீரின் அழுத்தம்தான். பட்டையின் வேலை அது நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அளவுக்கு மீறி இறுக்கினால் மென்மையான விளிம்பு மடங்கி, தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிறது. மீதிக் கசிவு அந்த மாஸ்க் என் முகத்துக்கு உரியதன்று என்பதால் வந்தது. அடுத்த வாரமே எனக்கென ஒன்றை வாங்கினேன்.

நல்ல மாஸ்க் வாங்கிய பிறகும் அதில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றப் பழகியாக வேண்டும். 2 மீட்டர் ஆழத்தில் முழங்காலிட்டு அமர்ந்து, மாஸ்க்கின் மேல் விளிம்பைச் சற்றே விலக்கித் தண்ணீரை உள்ளே விட்ட அந்த முதல் முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குளிர்ந்த நீர் முதலில் கன்னத்தையும் பிறகு மூக்கையும் தொட்டு, கண்களுக்குக் கீழே ஒரு கோடாக ஏறி நின்றது. வாயில் காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. ஆனாலும் மூக்கில் நீர் பட்டவுடன் உடல் முழுவதும் மேலே போகத் துடித்தது. வாயையும் மூக்கையும் தனித்தனியாக இயக்கக் கற்றுக்கொள்வதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். முகத்தைச் சற்றே நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் சட்டத்தை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெதுவாகவும் நீளமாகவும் ஊத வேண்டும். காற்று மேலே சேர்ந்து, தண்ணீரைக் கீழ் விளிம்பு வழியே வெளியே தள்ளிவிடும். வேகமாக ஊதினால் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும், தண்ணீர் அப்படியே நிற்கும். ஆழமில்லாத குளத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ரெகுலேட்டரில் மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பயம் விரைவில் விலகுகிறது. எனக்கும் அப்படித்தான் விலகியது.

கால்துடுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதம் முழுவதும் நுழையும் வகை வெதுவெதுப்பான நீருக்கும், குதிகால் திறந்து பட்டையோடு வரும் வகை காலணி அணிந்து முக்குளிப்பவர்களுக்கும் ஏற்றது. பின்னதை வாங்கும்போது எந்தக் காலணியோடு பயன்படுத்தப் போகிறோமோ அதை அணிந்தே பார்க்க வேண்டும். மிக விறைப்பான துடுப்பு வலிமையான கால்களுக்கு வேகம் தரும். பழகாத கால்களுக்குக் கெண்டைக்கால் பிடிப்பைத் தரும். உதைக்கும் விசை முழங்காலிலிருந்து வராமல் இடுப்பிலிருந்து வர வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் துடுப்பு எனக்குப் போதுமானதாக இருக்கிறது என்பது தெரிந்தது.

வெட்சூட் என்பது நம்மை நனையாமல் காக்கும் உடையன்று. உடலுக்கும் உடைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்றைச் சிறைபிடித்து, அதை உடல் சூட்டால் சூடாக்கி வைத்துக்கொள்ளும் உடை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்வதால், கரையில் இதமாக உணரும் வெப்பநிலையில் நீருக்கடியில் அரை மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கிவிடலாம். நியோப்ரீன் என்னும் குமிழிகள் நிறைந்த ரப்பரில் 3, 5, 7 மில்லிமீட்டர் தடிமன்களில் இவை கிடைக்கின்றன. தடிமனைவிட முக்கியமானது பொருத்தம். கீழ்முதுகிலோ அக்குளிலோ உடை தளர்ந்து நின்றால், ஒவ்வோர் அசைவிலும் சூடான நீர் வெளியேறிக் குளிர்ந்த நீர் உள்ளே வரும். அப்போது 7 மில்லிமீட்டர் உடையும் வீண்தான். இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: ஆழத்தில் அதன் குமிழிகள் நசுங்குவதால் உடை மெலிந்து, வெப்பத்தைக் காக்கும் திறனையும் மிதப்பையும் ஒருசேர இழக்கிறது.

ரெகுலேட்டரைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வியப்பு ஏற்படுகிறது. 1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் வடிவமைத்திருந்த வால்வுதான் அதற்குத் தொடக்கம். கேட்கும்போது மட்டும், கேட்ட அளவு மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருவதே அதன் வேலை. சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ள காற்றை, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான முதல் நிலை, சுற்றுநீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் நிலையில் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. நாம் மூச்சை இழுக்கும்போது அது உள்ளே வளைந்து ஒரு சிறு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்கிறது. முன்பக்கத்தில் உள்ள பர்ஜ் பொத்தானை விரலால் அழுத்துவதும் அதே சவ்வைத் தள்ளுவதுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு ரெகுலேட்டரின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது, நம்பிக்கை வந்த பிறகு மூச்சு தானாகவே நிதானப்பட்டது. (சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது வடிகட்டி அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றுதான்.)

வாங்கும் நாள் வரும்போது மூன்று செய்திகளைக் கவனித்தால் போதும் என்பது என் கருத்து. முதலாவது, அது சமநிலைப்படுத்தப்பட்ட வகையா என்பது. அந்த வகையில், சிலிண்டர் காலியாகிக்கொண்டு வந்தாலும் மூச்சிழுக்கும் முயற்சி மாறுவதில்லை. இரண்டாவது, சிலிண்டரோடு இணையும் முறை. யோக் வகை, வால்வின் மேல் கவ்வி இறுகுவது. டின் வகை, வால்வுக்குள் திருகி இறங்குவது. டின் வகையில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உள்ளே அடைபட்டு நிற்பதால் அது பிதுங்கி வெளிவரும் வாய்ப்பு குறைவு. ஆனால் நாம் அடிக்கடி முக்குளிக்கும் இடங்களில் எந்த வகைச் சிலிண்டர் வழக்கத்தில் உள்ளதோ அதுவே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: அந்தக் கருவியைப் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றித் தரும் பயிற்சி பெற்றவர் நம் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பது. தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியில், பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை, அந்தப் பராமரிப்பைச் செய்யாத உயர்தர ரெகுலேட்டரைவிட முறையாகப் பராமரிக்கப்படும் எளிய ரெகுலேட்டர் எத்தனையோ மேல்.

ரெகுலேட்டரோடு மஞ்சள் நிறத்தில் இன்னோர் இரண்டாம் நிலையும் தொங்கும். அதை ஆக்டோபஸ் என்பார்கள். காற்று தீர்ந்துபோன தோழருக்குக் கொடுப்பதற்கானது அது. முகவாய்க்கும் விலா எலும்புகளின் கீழ்முனைக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில், யார் பார்த்தாலும் உடனே தெரியும்படி, இழுத்தவுடன் கழன்று வரும்படி அதைப் பொருத்தியிருக்க வேண்டும். வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் மீட்டெடுப்பதற்கும் ஒரு முறை உண்டு: வலப்பக்கம் சாய்ந்து, வலக்கையால் தொடையைத் தொட்டுப் பின்னால் கொண்டுபோய், பெரிய வட்டமாக முன்னே வீசினால் குழாய் கையில் வந்து விழும். அதுவரை வாயிலிருந்து சிறு சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கையில் கிடைத்த ரெகுலேட்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும் என்பதால், வாயில் வைத்தவுடன் முதலில் ஊத வேண்டும்; பிறகே இழுக்க வேண்டும்.

மிதப்புக்கு வருகிறேன். நான் மிக நீண்ட காலம் தடுமாறியதும், கற்றபின் மிக அதிகமாக மகிழ்ந்ததும் இதில்தான். பயிற்சிக் காலத்தில், நீரில் அமிழ்வதற்காக என் இடுப்பில் 10 கிலோ ஈயம் கட்டியிருந்தேன். எளிதில் இறங்கினேன் என்பதால் அது சரியான எடை என்றே நம்பினேன். உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது 6 கிலோ. மிகுதியான 4 கிலோவைத் தாங்குவதற்காக பி.சி.டி.யில் ஏறக்குறைய 4 லிட்டர் காற்றைக் கூடுதலாகச் சுமந்துகொண்டிருந்தேன். அந்தக் காற்று நான் சிறிது மேலே ஏறினால் விரிந்து என்னை மேலும் மேலே தூக்கியது. சிறிது கீழே இறங்கினால் சுருங்கி மேலும் கீழே ஆழ்த்தியது. இடுப்பில் ஈயமும் மார்பில் காற்றும் இருந்ததால் கால்கள் தாழ்ந்து, உடல் சாய்வாக நின்று, நீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பதிலாக நீரைத் தள்ளிக்கொண்டு போனேன். மற்றவர்கள் பாதிச் சிலிண்டரோடு இருக்கும்போது என் காற்று முடிந்துவிடும். என் நுரையீரலில் ஏதோ குறை என்றுகூட அஞ்சியிருந்தேன்.

எடையைச் சோதிக்கும் முறை இதுதான். முழுக் கருவிகளோடும் நிலைகொள்ளாத ஆழத்தில் செங்குத்தாக நின்று, பி.சி.டி.யின் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, இயல்பான மூச்சோடு அசையாமல் இருந்தால், நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். உடனே மூழ்கினால் எடை அதிகம். இதை முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் ஏறத்தாழ 50 பார் மட்டுமே எஞ்சியிருக்கும்போது செய்வதே சரியானது. ஏனென்றால் காற்றுக்கும் எடை உண்டு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் உள்ளே இருப்பது 2400 லிட்டர் காற்று. அதன் எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் சரியாக இருந்த எடை, காற்று தீரத் தீரப் போதாமல் போய், கடைசியில், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் நம்மை மேலே மிதக்கவிடும். நன்னீரிலிருந்து கடல்நீருக்குப் போனாலும், மெல்லிய உடையிலிருந்து தடித்த உடைக்கு மாறினாலும் மறுபடியும் சோதிக்க வேண்டும். முடிவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது எனக்குப் பெரிதும் உதவியது.

எடை சரியான பிறகு பி.சி.டி.யின் பொத்தான்களுக்கு வேலை குறைந்துவிடுகிறது. நுரையீரலே பாதி வேலையைச் செய்கிறது. ஓர் ஆழ்ந்த மூச்சு ஓரிரு லிட்டர் காற்றை உள்ளே சேர்ப்பதால் அதுவே ஓரிரு கிலோ மிதப்பு. ஆனால் இழுத்த உடனே உடல் மேலே போவதில்லை. ஒன்றிரண்டு விநாடிகள் கழித்தே அசைகிறது. அந்தத் தாமதம் தெரியாதபோது பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி, பிறகு அளவுக்கு மீறி எழுந்து, அவசரமாகக் காற்றை வெளியேற்றி, மறுபடியும் தாழ்ந்து போவோம். ஒரு மாலை, குளத்தின் தரையிலிருந்து ஒரு முழம் மேலே, கை கால்களை அசைக்காமல், இழுக்கும்போது சற்றே எழுந்தும் விடும்போது சற்றே தாழ்ந்தும் பத்து மூச்சுகள் வரை நின்றேன். குளத்தின் ஓடுகளில் இருந்த ஒரு விரிசல் கண்ணெதிரே மெல்ல விலகி, மெல்ல நெருங்கியது. முக்குளிப்பு என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

பி.சி.டி.யை இதற்குப் பிறகு வாங்கியிருந்தால் நான் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருப்பேன். உடலைச் சுற்றிக் காற்று நிரம்பும் ஜாக்கெட் வகை, மேற்பரப்பில் நம்மை நிமிர்த்தி வைப்பதால் தொடக்கத்தில் மன அமைதி தருகிறது. முதுகுப்புறம் மட்டும் காற்றுப் பை உள்ள விங் வகை, நீருக்கடியில் உடலைக் கிடைமட்டமாக வைக்க உதவுகிறது. எனக்கு இப்போது அதுவே பிடித்திருக்கிறது. எந்த வகையானாலும் வெட்சூட்டின் மேல் மாட்டி, முழுதாகக் காற்றை நிரப்பிப் பார்க்க வேண்டும். விலாவை நெரிக்கவும் கூடாது, தோளை விட்டு எழும்பவும் கூடாது. காற்றை விடும் வால்வுகள் தோளிலும் கீழ்முதுகிலும் எங்கெங்கே உள்ளன என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டறிய வேண்டும். நிரப்பும் பொத்தானும் விடும் பொத்தானும் ஒரே குழலில் அருகருகே இருப்பதால், பதற்றத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்திவிடும் ஆபத்து உண்மையானது.

காற்றின் கணக்கைத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர் 10 மீட்டரில் 40 லிட்டரும் 20 மீட்டரில் 60 லிட்டரும் செலவிடுகிறார். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பாரை இருப்பாக ஒதுக்கிவிட்டு 150 பாரைப் பயன்படுத்தினால் கிடைப்பது 1800 லிட்டர். அது 10 மீட்டரில் 45 நிமிடம், 20 மீட்டரில் 30 நிமிடம். நான் கட்டும் ஈயத்தின் எடை குறைந்தபோது முயற்சியும் குறைந்து, இந்தக் கணக்கில் என் பங்கு வெகுவாக மாறியது. கருவி எதையும் மாற்றாமலேயே சிலிண்டர் பெரிதானது போலிருந்தது.

டைவ் கம்ப்யூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கொண்டு நம் திசுக்களில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்பதைக் கணித்துச் சொல்கிறது; வேகமாக மேலேறினால் அந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாகித் தீங்கு செய்யும். ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த அறிவு அது. முன்பு அட்டவணைகளைப் பார்த்துக் கணக்கிட்டதை இப்போது மணிக்கட்டில் கட்டிய கருவி நொடிக்கு நொடி செய்கிறது. பெரிய எழுத்து, வெயிலிலும் தெரியும் திரை, நாமே மாற்றக்கூடிய பேட்டரி ஆகியவற்றை நான் மற்ற வசதிகளுக்கு மேலாக வைப்பேன். ஒரு கம்ப்யூட்டரை இருவர் பகிர்ந்துகொள்ளக் கூடாது. இருவரின் ஆழமும் நேரமும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாமல் இருப்பதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும் கருவி எச்சரித்த பிறகு செய்ய வேண்டியவை அல்ல. பழக்கமாகவே இருக்க வேண்டியவை.

கருவிகளைப் பூட்டும்போது நான் ஒருபோதும் தவறவிடாத ஒரு செயல் உண்டு. சிலிண்டரின் வால்வைத் திறந்த பிறகு, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைக் கண்முன் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரில் மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சுகள் இழுப்பேன். முள் அசையாமல் நின்றால் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து மீண்டும் ஏறினால், வால்வு சற்றே திறந்து நிற்கிறது என்று பொருள். மேற்பரப்பில் மூச்சு எளிதாக வந்தாலும், ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் பல மடங்கு காற்று தேவைப்படும்போது அது போதாமல் போகும். ஒருமுறை வேறொருவர் எனக்காகப் பூட்டித் தந்த தொகுதியில் முள் 200இலிருந்து 120க்குச் சரிந்து திரும்புவதைக் கண்டேன். காற்று நிறைய இருப்பதாகவே அந்த முள் நின்ற நிலையில் காட்டியிருந்தது. அன்று முதல் என் கருவியை நானே பூட்டுகிறேன். பூட்டிய பிறகு தோழர் ஒருமுறை சரிபார்க்கிறார், அவருடையதை நான் சரிபார்க்கிறேன். பி.சி.டி. நிரம்புகிறதா, ஈயம் ஒரே இழுப்பில் கழல்கிறதா, கொக்கிகள் பூட்டியுள்ளனவா, காற்று வருகிறதா, கடைசியாக எல்லாம் சரியா என்னும் அந்தச் சோதனை ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை.

கரையேறிய பிறகும் வேலை இருக்கிறது. உப்பு காய்ந்து படிகமாகிவிட்டால் வால்வுகளின் மென்மையான இருக்கைகளை அரித்துவிடும் என்பதால், எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்து அலச வேண்டும். அதற்குமுன் முதல் நிலையின் தூசி மூடியை உலர்ந்த துணியால் துடைத்து இறுக மூட வேண்டும். நனைந்த மூடியை அப்படியே வைத்து மூடினால், உள்ளே புகக் கூடாத இடத்துக்கு நாமே நீரை அனுப்பியவர்களாவோம். ஊறிக்கொண்டிருக்கும்போது பர்ஜ் பொத்தானை அழுத்தவும் கூடாது. பி.சி.டி.யின் உள்ளேயும் கடல்நீர் சேர்ந்திருக்கும். வாயால் ஊதும் குழல் வழியே நன்னீரை ஊற்றிக் குலுக்கி வடித்துவிட்டு, பாதி காற்று நிரப்பித் தொங்கவிட்டால் உட்புறச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வெட்சூட்டை நேரடி வெயிலில் போடாமல், அகலமான தோள் உள்ள மாட்டியில் நிழலில் உலர்த்த வேண்டும். பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். அந்த இடைவெளியில் நான் தூசி மூடியை மறுபடியும் திறந்து பார்த்து, ஓ-ரிங்குகளை விரல் நுனியால் தடவி, எடைக் குறிப்பேட்டில் அன்றைய எண்ணை எழுதிவிட்டு, மாஸ்க்கை அதன் பெட்டிக்குள் எதுவும் அழுத்தாதபடி கடைசியாக வைக்கிறேன்.